ட்ரூமன் அருங்காட்சியகம், மிசௌரி: அந்த ஒரு கடிதத்துக்காகவே போகலாம்

ஓவர்லேண்ட் பார்க்குக்குக் குடிவந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அரை மணி நேரம் கார் ஓட்டினால் இன்டிபென்டன்ஸ் ஊரில் முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ஹாரி ட்ரூமன் நூலகமும் அருங்காட்சியகமும் இருக்கின்றன என்று தெரியும். ஆனாலும் போன மாதம்தான் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். பள்ளியில் அவளுக்கு மார்ஷல் திட்டம் (இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பா மீண்டெழ ட்ரூமன் காலத்து அமெரிக்கா கொடுத்த நிதியுதவி) பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. மதியத்துக்கு மேல் போனது எங்கள் தப்பு. பாதிதான் பார்க்க முடிந்தது. அடுத்த சனிக்கிழமை காலையிலேயே மறுபடி போனோம்.

1945 ஏப்ரலில் ரூஸ்வெல்ட் இறந்ததும் ஜனாதிபதி ஆனவர் ட்ரூமன். அந்த ஜூனில் காலப் கருத்துக்கணிப்பில் 87 சதவீதம் பேர் அவருடைய செயல்பாட்டை ஆதரித்தார்கள். 1952 பிப்ரவரியில் அது 22 சதவீதம். வாட்டர்கேட் ஊழலில் மாட்டிய ஜனாதிபதி நிக்சன்கூட 24-க்குக் கீழே இறங்கவில்லை. இந்த ஏழு வருஷத்தில் என்ன ஆயிற்று என்பதை அருங்காட்சியகம் மூடி மறைக்காமல் சொல்கிறது. சொந்த ஊர்க்காரர்கள் பெருமையாக வைத்திருக்கும் இடத்தில் இதை நான் எதிர்பார்க்கவில்லை.

2021-ல் புதுப்பித்துத் திறந்த காட்சிக்கூடம் இது. மேஜைமேல் அவர் வைத்திருந்த புகழ்பெற்ற பலகையைப் பார்க்கலாம்: ‘தி பக் ஸ்டாப்ஸ் ஹியர்’. பழியை அடுத்தவர் தலையில் கட்டும் வேலை இங்கே நடக்காது என்று அர்த்தம். ‘நான் மிசௌரிக்காரன்’ என்று அதன் பின்பக்கம் எழுதியிருக்கிறது. அவர் உட்கார்ந்த பக்கம் அதுதான். அணுகுண்டைப் பற்றிய பகுதியில், குண்டின் கதிர்வீச்சால் நோய் வந்து இறந்த ஹிரோஷிமாச் சிறுமி சடாகோ சசாகி மடித்த ஒரு குட்டிக் காகிதக் கொக்கு இருக்கிறது. 2015-ல் அவள் குடும்பத்தார் கொடுத்தது. குண்டு போட உத்தரவிட்டவர் பெயரில் உள்ள கட்டடத்துக்கு அதைக் கொடுக்க எவ்வளவு பெரிய மனசு வேண்டும்!

நாங்கள் அதிக நேரம் நின்றது, ட்ரூமன் படை அனுப்பிய கொரியப் போரைப் பற்றிய பகுதியில்தான். 1951 ஏப்ரலில் அந்தப் போரை நடத்திய தளபதி மெக்கார்தரை ட்ரூமன் பதவிநீக்கம் செய்தபோது ஜனங்கள் மெக்கார்தருக்குத்தான் ஊர்வலம் எடுத்தார்கள். அதையெல்லாம் ஓரளவு படித்திருந்தேன். எனக்குத் தெரியாமல் இருந்தது ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது: ஒரு பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் (போரில் காயப்பட்ட, இறந்த அமெரிக்க வீரர்களுக்குத் தருவது), கூடவே சின்னதாக ஒரு கடிதம். கொரியாவில் மகனைப் பறிகொடுத்த ஒரு தகப்பன் பதக்கத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். என் மகன் சாவுக்கு நீங்கள்தான் நேரடிப் பொறுப்பு, இதை உங்கள் பரிசுப் பொருள்களோடு வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் மகனுக்கு நேர்ந்தது உங்கள் மகளுக்கும் நேரவில்லையே என்பதுதான் எங்கள் பெரிய வருத்தம் என்று எழுதியிருக்கிறார்.

ட்ரூமனுக்கு மார்கரெட் ஒரே பிள்ளை. என் பக்கத்தில் நின்றவளும் ஒரே பிள்ளை. மேலே படிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ட்ரூமன் அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடவில்லை. பதவி முடிந்து ஊருக்கு வந்தபின் இதே கட்டடத்தில் தினமும் உட்கார்ந்து வேலை பார்த்தார். 1972-ல் அவர் இறந்த பிறகு மேஜை இழுப்பறையில் பதக்கமும் கடிதமும் கிடைத்தன. 2021-ல் சி-ஸ்பான் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி கேட்டபோது, வரலாற்று அறிஞர்கள் ஜனாதிபதிகளின் தரவரிசையில் அவருக்கு ஆறாவது இடம் கொடுத்தார்கள். அந்தத் தகப்பனின் தீர்ப்பை எந்த வரிசைப் பட்டியலும் மாற்றிவிடாது. அதைக் கைக்கெட்டும் தூரத்திலேயே வைத்திருந்தார் பாருங்கள், அதனால்தான் எனக்கு அவர்மேல் மதிப்பு வந்தது.

போகிறவர்கள் நாலு மணி நேரமாவது ஒதுக்குங்கள். பதின்ம வயதுப் பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். அப்புறம், முற்றத்தில் ட்ரூமனும் மனைவி பெஸ்ஸும் அடக்கமான இடத்தைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். அங்கே பெஞ்சில் உட்கார்ந்துதான் என் மகள் ஆசிரியைக்கு மின்னஞ்சல் எழுதினாள்: மார்ஷல் திட்டம் வேண்டாம், தலைப்பை மாற்றிக்கொள்ளலாமா என்று.