மிஷலின் டிரையல் எக்ஸ் லைட் பின் டயர்: பிடிப்பு பிரமாதம், ஆயுசு கம்மி

பாறை, வேர் மீதெல்லாம் காலைத் தரையில் ஊன்றாமல் பைக் ஓட்டும் டிரையல் போட்டிக்கான டயர் இது. 120/100 ஆர் 18 அளவு, ட்யூப்லெஸ். 4 முதல் 5 பிஎஸ்ஐ காற்றில் பக்கச்சுவர் தளர்ந்து நசுங்கி, ஈரப்பாறையிலும் மரவேரிலும் அப்பிக்கொள்கிறது. அரை பிஎஸ்ஐ கூடினாலே வித்தியாசம் தெரியும். அதனால் காற்றழுத்தம் பார்க்க 0–15 பிஎஸ்ஐ கேஜ் கட்டாயம் வேண்டும்.

தார் ரோடுதான் இதற்கு எமன். டயர்மேல் புடைத்திருக்கும் ரப்பர் கட்டைகளின் முன்விளிம்பு சீக்கிரம் மழுங்கிவிடும். அப்போது டயரைக் கழற்றித் திருப்பி மாட்டினால், தேயாத பின்விளிம்பு வேலைக்கு வரும்.

மாட்டும்போது சோப்புத் தண்ணீரைத் தாராளமாகத் தடவி, வால்வ் கோரை (வால்வுக்குள் இருக்கும் ஊசியை) கழற்றிவிட்டுக் காற்றடித்தால் பீடு, அதாவது ரிம்மில் பொருந்தும் டயர் விளிம்பு, ‘டப்’பென்று உட்காரும். ஸ்போக் வழியே காற்று கசிந்தால் டயரைத் திட்டாதீர்கள். ரிம்முக்குள் இருக்கும் ரப்பர் பட்டை விலகியிருக்கும், இல்லையென்றால் அதனடியில் மண் சேர்ந்திருக்கும்.

போட்டிக்கு வாங்கலாம். வெறும் பயிற்சிக்கு என்றால் கொஞ்சம் ஆடம்பரம்தான்.