ஹல்க்கை எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்: 'பிளானட் ஹல்க்'கா, 'இம்மார்ட்டல் ஹல்க்'கா?

மார்வெல் படக்கதை நாயகன் ஹல்க்கின் கதைகளில் சண்டைக்குப் பஞ்சமே இல்லை. தோர், ஹெர்குலிஸ் போன்ற தெய்வங்கள், வேற்றுக்கிரகப் படைகள், பெயரே வைக்க முடியாத ஜந்துகள் என்று அவன் மோதாத ஆளில்லை. ஆகவே யாரை அடித்தான் என்பதை வைத்து ஒரு தொகுப்பைத் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை. 1962இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் அவனைப் படைத்தபோதே துயரம் தெளிவாக இருந்தது. காமா குண்டு சோதனைத் திடலுக்குள் நுழைந்துவிட்ட ஓர் இளைஞனைக் காப்பாற்ற ஓடுகிறார் விஞ்ஞானி புரூஸ் பேனர். குண்டின் கதிர்வீச்சில் சிக்கி அவரே ஹல்க்காக மாறுகிறார். அதன் பிறகு ராணுவம் துரத்தும் ராட்சசனாக அவர் வாழ வேண்டியிருக்கிறது. நல்லது செய்யப் போனவனுக்கு இந்தக் கதியா என்ற கேள்வியை எந்தக் கதை விடாமல் பிடித்துக்கொள்கிறதோ, அதுவே எனக்குச் சிறந்த ஹல்க் கதை.

கிரெக் பாக் எழுதிய 'பிளானட் ஹல்க்' 2006-07இல், 'இன்கிரெடிபிள் ஹல்க்' தொடரின் 92 முதல் 105 வரையிலான இதழ்களில் வந்தது. அயர்ன் மேன், ரீட் ரிச்சர்ட்ஸ், டாக்டர் ஸ்ட்ரேஞ்ச், பிளாக் போல்ட் ஆகிய சக மார்வெல் நாயகர்கள் நால்வரும் ஹல்க்கை ஏமாற்றி விண்கலத்தில் ஏற்றிவிடுகிறார்கள். ஆளில்லாத, அமைதியான கிரகத்துக்கு அனுப்புவதாக அவர்களுக்கு எண்ணம். கலம் வழிதவறி சகார் என்ற கிரகத்தில் விழுகிறது. அங்கே அவன் அடிமை, பிறகு அரங்கில் மக்கள் முன் போரிடும் வீரன், பிறகு கொடுங்கோல் அரசனுக்கு எதிரான புரட்சியின் தலைவன். 2017இல் வந்த தோர் திரைப்படத்தைப் பார்த்தவர்கள் இந்தக் கதை தெரியும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். படம் எடுத்துக்கொண்டது அந்தச் சண்டை அரங்கையும், கோர்க், மீக் போன்ற சிலரையும் மட்டும்தான். புரட்சியின் கனமும், எதிரியின் தளபதியாக வந்து பிறகு ஹல்க்கின் மனைவியாகும் கய்யேராவும் அதில் இல்லை.

இதன் பெரும் பலம், ஹல்க்குக்கு ஒரு கூட்டம் கிடைப்பதுதான். பூமியில் அவன் கோபம் ஆபத்தாகப் பார்க்கப்பட்டது; சகாரில் ஒடுக்கப்பட்டவர்கள் அதைத் தங்கள் கோபமாகவே காண்கிறார்கள். அவனோடு சேர்ந்து போரிடுபவர்கள் ஒவ்வொருவராகத் தம் கதையைச் சொல்லும் பக்கங்கள் எத்தனை முறை படித்தாலும் நெஞ்சைத் தொடுகின்றன. ஆனால் ஒரு குறை உண்டு. பேனர் ஏறக்குறைய காணாமல் போய்விடுகிறார். தனக்குள்ளேயே ஒருவனோடு போராடும் வலி விலகிவிடுவதால், ஹல்க் ஒரு மாவீரனாக மட்டும் நிற்கிறான். தொடர்ச்சியாக வந்த ஐந்து இதழ் 'வேர்ல்ட் வார் ஹல்க்'கில் அடி பலமாக இருக்கிறது, ஆழம் குறைவு. ஜான் ரொமிட்டா ஜூனியரின் ஓவியங்களுக்காக மட்டும் புரட்டலாம்.

'இம்மார்ட்டல் ஹல்க்' நேர் எதிர்த்திசையில் போகிறது. அல் ஈவிங் கதை, பெரும்பகுதி ஜோ பென்னட்டின் ஓவியம், 2018 முதல் 2021 வரை 50 இதழ்கள். முதல் இதழில் ஒரு கொள்ளைச் சம்பவத்தில் பேனர் சுட்டுக் கொல்லப்படுகிறார். இரவு வந்ததும் பிணம் எழுகிறது. 1962இன் முதல் இதழில் கோபத்தால் அல்ல, இருட்டினால்தான் பேனர் உருமாறினார்; அந்தப் பழைய விதியை ஈவிங் மீட்டெடுத்து முழுக் கதையையும் திகில் கதையாக்கிவிட்டார். எலும்பு முறிந்து, தோல் பிளந்து உருமாறும் காட்சிகள் சிறுவர்களுக்கு ஏற்றவை அல்ல.

இருந்தும் நான் இதைத்தான் மேலே வைக்கிறேன். 1985இல் பில் மாண்ட்லோவின் கதையில்தான் பேனரின் தந்தை பிரையன், மகனை அடித்து வளர்த்த கொடுமை வெளிப்பட்டது. ஈவிங் அந்த இடத்துக்கே திரும்பிப் போகிறார். பேனரின் மனத்துக்குள் பல ஹல்க்குகள் இருக்கிறார்கள். அவர்களில் மிகக் கொடூரமாகத் தெரிபவன்தான் அந்தக் குழந்தையின் மீது மிகுந்த அன்பு கொண்டவன். தந்தை தராத பாதுகாப்பை ஒரு ராட்சசன் தருகிறான். உலகம் அவனைப் புரிந்துகொள்ளவில்லை என்ற பழைய புலம்பல் இங்கே, பேனராவது அவனைப் புரிந்துகொள்வாரா என்ற கேள்வியாகிவிடுகிறது. பாதாளத்தின் அடியில் காத்திருக்கும் தெய்வத்தோடு நடக்கும் மோதல்கூட அந்தக் கேள்விக்குக் கட்டுப்பட்டே நடக்கிறது. நடுவில் ஸெம்னு என்ற வேற்றுக்கிரகவாசி வரும் பகுதி சற்று இழுக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பீட்டர் டேவிட் 1987 முதல் 1998 வரை எழுதிய நீண்ட தொடரையும் சிலர் முதலில் படிக்கச் சொல்வார்கள். சாம்பல் நிற ஹல்க் லாஸ் வேகாஸில் ஜோ ஃபிக்ஸிட் என்ற அடியாளாக வாழும் பகுதி அருமையானது. ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட இதழ்கள். புதியவருக்கு அது பெரும் சுமை. அதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

திகில் கதை ஒத்துவராதவர்களும், முழுக்கதையை ஒரே தொகுப்பில் முடிக்க விரும்புபவர்களும் 'பிளானட் ஹல்க்'கை எடுக்கலாம். முன்கதை எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை. மற்றவர்கள் 'இம்மார்ட்டல் ஹல்க்' முதல் ஐந்து இதழ்களைப் படித்துப் பாருங்கள். அதற்குள் பிடிக்கவில்லை என்றால் மீதி நாற்பத்தைந்தும் பிடிக்காது.