பில்லில் வெறும் 180 சதுர அடி: 28,800 ரூபாய் போயிற்று

28,800 ரூபாய். கோத்தகிரியில் அம்மாவின் அறைக்குச் சுவருக்குச் சுவர் கார்ப்பெட் போட முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்டினேன். வந்த கார்ப்பெட் அறைக்குப் பொருந்தவில்லை, பணமும் திரும்பி வராது என்று இன்று காலை முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டார்கள். இன்னும் யாரும் ஏமாறக்கூடாது என்றுதான் உடனே எழுதுகிறேன்.

கடையின் பெயர் வேண்டாம். நீலகிரியில் திரைச்சீலை, மெத்தை, கார்ப்பெட் எல்லாம் விற்கும் பெரிய கடை. சரக்கு கோவைக் கிடங்கில் வெட்டப்பட்டு மலையேறி வருகிறது.

அம்மாவுக்கு மூட்டுவலி, பனிக்காலத்தில் சிமென்ட் தரையில் கால் வைக்க முடியவில்லை என்றேன். "எங்கள் வீட்டிலும் அம்மாவுக்கு இதே கஷ்டம்தான் அக்கா" என்றார் கடைக்காரர். தேநீர் வரவழைத்தார். மாதிரித் துண்டுகளை ஒவ்வொன்றாக விரித்து, அம்மாவின் கையைப் பிடித்துத் தடவிப் பார்க்கச் சொன்னார். அந்த அக்கறையில்தான் மனம் இளகியது. நீளம் பதினெட்டு அடி, அகலம் பத்து அடி என்று தெளிவாகச் சொன்னேன். என் கண்ணெதிரே கால்குலேட்டரில் பெருக்கினார்: 180 சதுர அடி, அடிக்கு 160 ரூபாய், ஆக 28,800. பில்லில் 180 மட்டும் இருந்தது. "நீளம் அகலம் எழுதவில்லையே?" என்று கேட்டேன். "பில்லில் சதுர அடிதான் வரும் அக்கா. அளவெடுக்க ஆள் வருவார், அவர் குறித்துக்கொள்வார்" என்றார்.

அளவெடுக்க யாரும் வரவில்லை. நேராகச் சரக்கே வந்து இறங்கியது, 15 அடிக்கு 12 அடியாக!

15-ஐ 12-ஆல் பெருக்கினாலும் 180தான். 20-க்கு 9 என்றாலும் 180தான். பரப்பளவை மட்டும் வைத்துக்கொண்டு பக்கங்களைச் சொல்ல எவராலும் முடியாது. ஒரு பக்கமாவது தெரிந்தால் வகுத்து மற்றதைக் கண்டுபிடிக்கலாம். சதுர அறை என்று உறுதியாகத் தெரிந்தால் வர்க்கமூலம் எடுக்கலாம்; 180-க்கு அது ஏறத்தாழ 13.4 அடி. கிடங்கில் இருந்தவர்களோ வெறும் 180-ஐப் பார்த்து, தங்களுக்குத் தோன்றிய அளவில் கத்தியை வைத்துவிட்டார்கள். விரித்தபோது அகலத்தில் இரண்டடி சுவரில் ஏறி நின்றது, நீளத்தில் மூன்றடி தரை வெறுமையாகக் கிடந்தது. ஓரத்தைச் சுற்றிப் பொருத்தும் பீடிங் பட்டையும் அந்த 15-க்கு 12 கணக்கில் 54 அடிதான் வந்திருந்தது. என் அறையின் சுற்றளவு 56.

தொலைபேசியில் அழைத்தேன். "மேடம், 180 கேட்டீர்கள், 180 கொடுத்துவிட்டோம்" என்று பதில் வந்தது. மறுபடி அழைத்தால் மேலாளர் வெளியூர், பிறகு கிடங்கைக் கேளுங்கள், கிடங்கைக் கேட்டால் கடையைக் கேளுங்கள். கடைசியில் ஒருவர் கண்டுபிடித்த யோசனை இது: "மிச்சமான இரண்டடிப் பட்டையை வெட்டிக் குறைகிற இடத்தில் ஒட்டிவிடுங்கள், பரப்பளவு சரியாகிவிடும்." கணக்கில் சரியாகும்தான், அங்கே 30 சதுர அடி மிச்சம், இங்கே 30 சதுர அடி குறை. ஆனால் பட்டையைக் குறுக்கே திருப்பி ஒட்டினால் இழை சாயும் திசை மாறி, அந்த இடம் மட்டும் வேறு நிறமாகத் தெரியும். ஒட்டுகளின் விளிம்பு தூக்கிக்கொண்டால் மூட்டுவலிக்காரருக்கு அது கால் தடுக்கும் இடம். 28,800 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒட்டுப்போட்ட விரிப்பைத் தருவதற்கு இவர்களுக்கு எப்படி மனம் வருகிறது? வெட்டிய சரக்கைத் திரும்ப எடுப்பதில்லையாம். தப்பாக வெட்டியது யார்?

எப்படிக் கவனமாக இருப்பது என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். கோபத்தில் இவ்வளவுதான் வருகிறது. பில்லில் நீளமும் அகலமும் தனித்தனியாக எழுதப்படாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். எதிரெதிர்ச் சுவர்களை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து பாருங்கள். 18-க்கு 10 அறையில் இரண்டும் 20 அடி 7 அங்குலம் அளவில் ஒத்துவர வேண்டும், ஒத்துவராவிட்டால் அறை கோணலானது, அதையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். அளவெடுக்க ஆள் வந்து போகும்வரை முழுப்பணம் வேண்டாம்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லிவிட்டேன். அடுத்து ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே வழக்குக் கட்டணம் இல்லை. பில், கார்ப்பெட்டின் படங்கள், அழைப்புப் பட்டியல் எல்லாம் எடுத்து வைத்தாகிவிட்டது. என் 28,800-ஐ விடப்போவதில்லை.