அல்சூரில் ஒரு பத்துக்குப் பத்து ஒலிப்பதிவு அறை

பெங்களூரு அல்சூரில் ஒரு வீட்டின் இரண்டாம் மாடியில் இயங்கும் சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில், நானே எழுதி மெட்டமைத்த புதிய பாடலைச் சென்ற மாதம் பதிவு செய்தேன். சுவர்களில் கனத்த ஜமுக்காளங்களைத் தொங்கவிட்டும், பாடுபவரின் முதுகுப் பக்கம் துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்தும் எதிரொலியை அடக்கியிருக்கிறார்கள். பார்வைக்குச் சிரிப்பு வந்தாலும் குரல் தெளிவாகவே பதிவானது.

மைக் கேபிள் வழியாகவே வரும் 48 வோல்ட் மின்சாரத்தில் (ஃபாண்டம் பவர்) இயங்கும் கண்டென்சர் மைக் மூச்சுச் சத்தத்தைக்கூட விடாது என்பதால், மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்வையோடுதான் பாட வேண்டியிருந்தது. 'பனி', 'பாதை' போன்ற சொற்களில் காற்று மைக்கில் மோதி 'புஸ்' என்று கேட்டபோது, ஒலிப்பதிவாளர், மைக்கின் முன் காற்றைத் தடுக்கும் வலைத்திரையான பாப் ஃபில்டரைச் சற்றுத் தள்ளி வைத்து, என்னையும் லேசாகப் பக்கவாட்டில் திரும்பிப் பாடச் சொன்னார். பல்லவியின் மூன்றாம் வரியில் மூச்சு வாங்க இடமில்லை என்று அவர் காட்டியதும், ஒரு சொல்லை அங்கேயே நீக்கினேன்.

ஆனால் ஹெட்போனிலிருந்து கசிந்த மெட்ரோனோம் ஒலி (தாளம் தவறாமலிருக்க ஒலிக்கும் 'டிக் டிக்') சரணத்தில் பதிந்துவிட, மறுநாளும் செல்ல நேர்ந்தது; அதற்கும் மணிக்கணக்கில் கட்டணம் வாங்கியது நியாயமாகப் படவில்லை. கோப்புகளை 24 பிட் வேவ் (சுருக்கப்படாத ஒலிக்கோப்பு) வடிவில், ஒவ்வொரு ஒலியும் தனித்தனியாக இருக்கும்படி தடம் தடமாகப் பிரித்துத் தந்தார்கள். தவிலுக்கு இந்த அறை தாங்காது. குரலும் கிட்டாரும் மட்டும் என்றால், தெருவில் ஹாரன் சத்தம் தொடங்கும் முன் காலையிலேயே போய்விடுங்கள்.