ஆறு லட்சத்துக்கு ஒரு வாக்கு, தொப்பூர் இறக்கத்தில் ஒரு ரேடார்

ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலை வைத்திருக்கும் என் மச்சான், உள்ளங்கையில் கொட்டித் தேய்த்துப் பார்க்காமல் ஒரு மூட்டைக்கும் விலை பேச மாட்டார். அவர்தான் போன வாரம் போனில், "மாப்ளே, டெஸ்லா எடுக்கலாம்னு இருக்கேன். தானா ஓட்டுற வசதிக்குத் தனியா ஆறு லட்சமாம். இப்பவே கட்டிடட்டுமா, பின்னாடி ஏத்திடுவாங்கல்ல?" என்றார்.

அமெரிக்க மின்சாரக் கார் நிறுவனமான டெஸ்லா 2025 ஜூலையில் மும்பையில் கடை திறந்தபோது மாடல் ஒய் காரின் தொடக்க விலையே ஏறக்குறைய 60 லட்சம். அதற்கு மேல் இந்த 6 லட்சம். கட்டினால் கைக்கு வருவது, அந்த வசதி பின்னாளில் மென்பொருளாக வந்து சேரும் என்ற வாக்கு. வண்டி அன்றைக்கே தானாக ஓடாது.

விலை ஏறும் என்ற பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் இதே வசதி 2020 ஜூலையில் 8,000 டாலர். 2022 செப்டம்பரில் 15,000. முந்திக் கட்டியவர்கள் அன்று சிரித்திருப்பார்கள். ஆனால் 2024 ஏப்ரலில் மறுபடி 8,000. நடுவில் அவசரப்பட்டவர்தான் மாட்டிக்கொண்டார். மாதச் சந்தாவும் 2021இல் 199 டாலரில் தொடங்கி 2024இல் 99க்கு இறங்கியது. 8,000ஐ 99ஆல் வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 81 மாதம் வருகிறது. அத்தனை வருடம் ஒரே காரை வைத்திருப்பவர் நம் குடும்பத்தில் யார்?

இன்னொன்று, வண்டிக்குள் இருக்கும் கணினி. தேவையான கருவிகள் எல்லாம் காரிலேயே இருக்கின்றன என்று 2016இல் டெஸ்லாக்காரர்கள் சொன்னார்கள். 2025 ஜனவரியில் டெஸ்லா தலைவர் எலான் மஸ்க்கே, பணம் கட்டிய பழைய கார்களில் கணினியை மாற்ற வேண்டியிருக்கும் என்று ஒப்புக்கொண்டார். இவ்வளவுக்குப் பிறகும் அமெரிக்காவில் அது 'இரண்டாம் நிலை'தான்: வண்டி உதவும், பொறுப்பு ஓட்டுநருடையது. ஓட்டுநர் கவனம் சாலையை விட்டு விலகக் கூடாது. இங்கேயோ ஓட்டுநர் இல்லாத கார்களை அனுமதிக்க மாட்டேன், வேலை போய்விடும் என்று அமைச்சர் நிதின் கட்கரி வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்.

எதிர்ப்பக்கம், 2021இல் எம்ஜி ஆஸ்டர், மகிந்திரா எக்ஸ்யூவி700 தொடங்கி இப்போது பல இந்திய விலைக் கார்களின் மேல்வகையில் வரும் ஏடாஸ் (ADAS), அதாவது கேமரா, ரேடார் கொண்டு ஓட்டுநருக்கு உதவும் ஏற்பாடு. இதுவும் இரண்டாம் நிலைதான், ஆனால் சாவி வாங்கிய அன்றே வேலை செய்யும். என்னிடம் இருப்பது அப்படி ஒன்று. தர்மபுரியிலிருந்து சேலம் வரும்போது தொப்பூர் மலை இறக்கத்தில் முன்னால் போகும் லாரிக்கு இடைவெளி விட்டு வேகத்தைத் தானே குறைக்கும். சுமையோடு இறங்கும் லாரிகளுக்கு நடுவே அது பெரிய நிம்மதி. ஆனால் அந்த இடைவெளியில் ஒரு பைக் நுழைந்துவிட்டால் சட்டென்று பிரேக் போடும்; பின்னால் வருகிறவர் ஹாரனிலேயே நம் பரம்பரையை விசாரிப்பார்.

ஏற்காடு மலைப்பாதை வேறு கதை. இருபது கொண்டை ஊசி வளைவுகள். எதிரே பஸ் அகலமாகத் திரும்பினால் மோதப் போகிறேன் என்று வண்டி அலறுகிறது. பனி இறங்கினால் கேமரா மறைந்துவிட்டது என்று திரையில் எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. சாலைக் கோட்டைத் தேடுவதைக் காட்டும் திரை அடையாளம் அடிவாரம் தாண்டியதும் சாம்பல் நிறமாகிவிடும். மேலே போகும்வரை நான்தான் ஓட்டுநர்.

அதனால் மச்சானுக்கு நான் சொன்னது: டெஸ்லா பிடித்திருந்தால் எடுங்கள், அந்த ஆறு லட்சத்தை மட்டும் விட்டுவிடுங்கள். 7 சதவீத வட்டிக்குப் போட்டாலும் மூன்று வருடத்தில் 7.35 லட்சம் ஆகும். வசதி நிஜமாகவே வந்து, சேலம் பைபாஸில் ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகு கட்டலாம். விலை கொஞ்சம் ஏறியிருந்தாலும் பரவாயில்லை. வாரம் இரண்டு தடவை பெங்களூரு போய்வர உதவிதான் வேண்டும் என்றால், டெஸ்லா விலையில் பாதிக்கும் பாதி செலவில் ஏடாஸ் உள்ள வண்டியே போதும் என்பது என் கட்சி.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "சரி, அந்த ஏடாஸ் வண்டியை எங்க ஓட்டிப் பாக்கறது?" என்றார். ஷோரூம்காரர்கள் சேலம் ஐந்து ரோடு சந்திப்பைச் சுற்றிக் காட்டிவிட்டு அனுப்பிவிடுவார்கள், தொப்பூர் வரை வேண்டும் என்று பிடிவாதமாகக் கேளுங்கள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்.