டிஸ்கரேஜ்டா, டிஸ்ஹார்ட்டன்டா? எதை எங்கே எழுதுவது

மனம் தளர்ந்துபோனதை ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் நம்மில் பலருக்குச் சட்டென்று கைக்கு வருவது டிஸ்கரேஜ்ட். தப்பில்லை, ஆனால் அந்தச் சொல் இரண்டு வேலை பார்க்கிறது. ‘ஸ்மோக்கிங் இஸ் டிஸ்கரேஜ்ட்’ என்று எழுதியிருந்தால் அங்கே யாரும் சோர்ந்துபோகவில்லை, புகைபிடிக்காதீர்கள் என்று நாசூக்காகச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். பின்னால் ‘ஃப்ரம்’ வந்தால் பெரும்பாலும் இதே கதை.

டிஸ்ஹார்ட்டன்டில் இந்தக் குழப்பமே கிடையாது. அது மனநிலையை மட்டும்தான் சொல்லும், அதனால் ஒருவருடைய வருத்தத்தைச் சொல்ல என் ஓட்டு இதற்குத்தான். வேரைத் தோண்டினால் இரண்டிலும் இதயம்தான் இருக்கிறது (கரேஜ் என்பதே இதயத்தைக் குறிக்கும் லத்தீன் ‘கோர்’ பிரெஞ்சு வழியாக வந்தது), ஆனாலும் இன்றைய தொனி வேறு. டிஸ்ஹார்ட்டன்ட் ஆனவர் நாளைக்கே மறுபடி முயலலாம்; டிஸ்கரேஜ்ட் என்றால் முயற்சியையே விட்டுவிடப் போகிறார் என்ற வாடை அடிக்கும். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரங்களில் ‘டிஸ்கரேஜ்ட் வொர்க்கர்ஸ்’ என்று ஒரு பிரிவே உண்டு: வேலை வேண்டும், கிடைத்தால் சேரவும் தயார், கடந்த 12 மாதங்களுக்குள் தேடியும் இருக்கிறார்கள், ஆனால் எப்படியும் கிடைக்காது என்று நினைத்துக் கடைசி 4 வாரங்களாகத் தேடவில்லை. தேடாததால் வேலையில்லாதோர் கணக்கில்கூட அவர்கள் வருவதில்லை. இங்கே டிஸ்ஹார்ட்டன்ட் போட்டால் ஒட்டவே ஒட்டாது.

டிமாரலைஸ்ட், அதாவது மன உறுதி குலைந்த நிலை, தனி ஆளுக்கும் வரும், ஆனால் தோற்றுக்கொண்டே இருக்கும் அணி, படை, ஆட்குறைப்புக்குப் பிறகு மிஞ்சிய ஊழியர்கள் மாதிரி கூட்டத்துக்குத்தான் கச்சிதம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது இதற்கு ஒழுக்கம் கெடுவது என்றுதான் அர்த்தம்.

டெஸ்பாண்டன்ட் கனமான சொல், நம்பிக்கையே அற்றுப்போன நிலை. பேருந்தைத் தவறவிட்டதற்கெல்லாம் அதை எடுக்காதீர்கள். க்ரெஸ்ட்ஃபாலன்? எதிர்பார்த்தது கைநழுவியதும் முகம் தொங்கிப்போகுமே, அதற்கு. கதை எழுதும்போது அழகாக இருக்கும், அலுவலக மின்னஞ்சலில் கொஞ்சம் நாடகம்.

அப்புறம், அடிக்கடி தடுக்கிவிழும் ஒரு இடம்: செய்திதான் டிஸ்ஹார்ட்டனிங், ஆள் டிஸ்ஹார்ட்டன்ட். ‘ஐ ஆம் டிஸ்ஹார்ட்டனிங்’ என்று எழுதினால், நான் மற்றவர்களைச் சோர்வடைய வைக்கிறேன் என்று ஆகிவிடும். டெஸ்பாண்டன்ட், க்ரெஸ்ட்ஃபாலன் இரண்டுக்கும் இப்படி ஜோடி கிடையாது, அதனால் செய்தியைப் பற்றிச் சொல்ல முதல் மூன்றின் ‘இங்’ வடிவத்தைத்தான் எடுக்க வேண்டும்.