ரேஞ்ச் அடுப்பின் கோளாறுகள்: விறகா, ஆந்த்ரசைட்டா?

சமைக்கும் மேல்தளமும் ஓவனும் ஒன்றாக அமைந்த வார்ப்பிரும்பு ரேஞ்ச் அடுப்பு முரண்டு பிடித்தால் கை முதலில் திருகையும் கதவையும் தேடிப் போகிறது. எரிபொருளை முதலில் பாருங்கள் என்பேன் நான். விறகுக்கும் ஆந்த்ரசைட் என்னும் கடினமான நிலக்கரிக்கும் தனித்தனி நோய்கள் உண்டு. ஒன்றின் மருந்தை மற்றதற்குக் கொடுத்தால் நோய் முற்றும்.

நெருப்பு நிற்காமல் அணைந்துபோகிறது என்ற புகாரை எடுத்துக்கொள்வோம். விறகில் பெரும்பகுதி, சூடேறியதும் வாயுவாகப் பிரிந்து சுவாலையாக எரிகிறது. அதற்கு மேலிருந்து காற்று வேண்டும். அடியில் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குச் சாம்பல் கிடந்தால் தணல் நிலைக்கும். ஆந்த்ரசைட்டில் பிரியும் வாயு மிகக் குறைவு. அங்கே எரிவது கங்குதான்; கம்பித்தட்டின் கீழிருந்து காற்று ஏறினால்தான் அது உயிரோடு இருக்கும். விறகு எரிப்பவர் தினமும் சாம்பலைச் சுத்தமாக வாரினால் தணல் நிற்காது. நிலக்கரி எரிப்பவர் வாராமல் விட்டால் சேதம் பெரிது: சாம்பல் தட்டு நிரம்பிக் கம்பிகளைத் தொட்டுவிட்டால், அவற்றைக் குளிர்விக்கும் காற்று அடைபட்டு வார்ப்பிரும்புக் கம்பியே வளைந்துபோகும்.

அறைக்குள் புகை வந்தால் சந்தேகப்பட வேண்டியவை இரண்டுக்கும் பொதுதான்: புகைபோக்கியில் அடைப்பு, சமையலறை வெளியேற்று விசிறியின் இழுப்பு, பற்றவைக்கும்போது திறக்காமல் விட்ட டாம்பர் (வாயு நேராகப் புகைபோக்கிக்குப் போகும் வழியைத் திறந்து மூடும் தகடு). இவற்றில் விசிறியைத்தான் பலர் மறக்கிறார்கள். அதை நிறுத்தி, ஜன்னலைச் சற்றுத் திறந்ததும் புகை நின்றால் காரணம் தெரிந்துவிட்டது. நிற்காவிட்டால், விறகுக்காரர் ஈரத்தைச் சந்தேகிக்க வேண்டும். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதி வரை தண்ணீராக இருக்கலாம். எரிக்கத் தகுந்த ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ். கட்டையை வெளியில் தொட்டுப் பார்ப்பதில் பயனில்லை. பிளந்து, புதிதாகத் தெரியும் முகத்தில் ஈரமானியைக் குத்திப் பார்க்க வேண்டும்.

ஓவன் சூடேறவில்லை என்பதுதான் இந்த அடுப்புகளில் மிகுந்த மன உளைச்சல் தருவது. பல அடுப்புகளில், டாம்பரை மூடியதும் சூடான வாயு ஓவனின் மேல்தளத்தைக் கடந்து, பக்கவாட்டில் இறங்கி, அடியைச் சுற்றிக்கொண்டு புகைபோக்கிக்குப் போகும். அந்தப் பாதையில் மெல்லிய கரிப்படிவு இருந்தாலும் அது போர்வையாகி வெப்பத்தைத் தடுத்துவிடும். அடுப்பு நன்றாக ஆறியபின் மேல் மூடியை எடுத்து ஓவனின் கூரையைப் பாருங்கள். ஆந்த்ரசைட் என்றால் பொடிச் சாம்பல் படிந்திருக்கும். சுரண்டியால் இழுத்தால் வந்துவிடும். விறகு நன்றாக எரிந்திருந்தால் கறுப்புத் தூள். ஈர விறகை அடக்கி எரித்திருந்தாலோ பளபளவென்று கண்ணாடிபோல் தார் ஒட்டியிருக்கும். தூரிகை அதன்மேல் வழுக்கும். அதே தார் புகைபோக்கியிலும் இருக்கும், அங்கேயே தீப்பிடிக்கவும் செய்யும். புகைபோக்கி சுத்தம் செய்பவரை அழைக்காமல் மறுபடி பற்றவைக்காதீர்கள்.

இரவு முழுக்க நெருப்பு காப்பதில் ஆந்த்ரசைட்டுக்கே என் ஓட்டு. கிலோவுக்குக் கிலோ, காய்ந்த விறகைவிட இரண்டு மடங்கு வெப்பம் அதில் இருக்கிறது. காற்றைக் குறைத்தாலும் தார் பிடிக்காமல் மெதுவாகக் கனலும். விறகை அப்படி மூச்சுத் திணற வைத்தால் மேலே சொன்ன தார்தான் மிஞ்சும். ஆனால் காலையில் விரைவாகத் தீ மூட்டிச் சமைக்க விறகுக்கு இணையில்லை. ஆந்த்ரசைட் பற்றவே பொறுமை கேட்கும்.

ஆந்த்ரசைட்டிடம் இரண்டு விஷயங்களில் எனக்குப் பயம் உண்டு. கங்கு புகையில்லாமல் எரிவதால் கார்பன் மோனாக்சைடு கசிந்தாலும் கண்ணோ மூக்கோ எச்சரிக்காது. எந்த எரிபொருளானாலும் அந்த வாயுவுக்கான எச்சரிக்கைக் கருவி அறையில் கட்டாயம் வேண்டும். அடுத்தது கந்தகம். அடுப்பை அணைத்துவைக்கும் மாதங்களில் நிலக்கரிக் கரி ஈரத்தை இழுத்து அமிலமாகி இரும்பைத் தின்னும். ஆகவே கடைசி நெருப்பு அணைந்த கையோடு பாதைகளைச் சுத்தம் செய்துவிட வேண்டும். இரண்டையும் கலந்து எரிப்பதும் இதனால்தான் கூடாது: விறகின் ஈரமும் நிலக்கரியின் கந்தகமும் சேர்ந்தால் புகைபோக்கியின் உட்குழாய் அரித்துப்போகும்.

மழை படாமல் காற்றோட்டமாக விறகை ஓரிரு ஆண்டுகள் அடுக்கிவைக்க இடம் உள்ளவர்கள் விறகையே எரிக்கலாம். இடமில்லாதவர்கள் ஆந்த்ரசைட்டுக்கு மாறுவது நல்லது. அதற்குமுன் தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்துவிட வேண்டும். விறகுக்கென்றே செய்த அடுப்பில் அசைத்துச் சாம்பல் உதிர்க்கும் கம்பித்தட்டு இருக்காது. அதில் நிலக்கரியைக் கொட்டினால் காற்று கிடைக்காமல் அணைந்துவிடும்.